சொன்னதும் சொல்லாது விட்டதும்

(சங்கத்தின் வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அண்மையில் படித்த நூல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் எம்மைக் கேட்டபோது, எந்த நூல்கள் என்று அவரும் விசாரிக்கவில்லை, நாமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் வேறொருவரைத் தேடிப் போயிருப்பார். கடந்த சில மாதங்களாக எமது மேசையில் இருந்த நூல்கள் இரண்டே வகையின. ஒரு வகை, பெரியவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்த சுயசரிதைகள். இவற்றை எவர் முன்னிலையிலும் தைரியமாக விரித்து வைத்துப் படிக்கலாம். மற்ற வகை, கொலையும் மர்மமும் துப்பறிதலும் நிறைந்த நாவல்கள். இவற்றைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படிக்கும் வித்தை இச்சபையிலுள்ள பலருக்குத் தெரிந்ததே. கையை உயர்த்தும்படி நாம் கேட்கப்போவதில்லை.

இவ்விரண்டையும் மாறி மாறிப் படித்து வந்ததில் ஓர் உண்மை எமக்குப் புலனாயிற்று. மர்ம நாவலாசிரியர் வாசகனிடமிருந்து ஒன்றை மறைத்துக்கொண்டே கதை சொல்கிறார். சுயசரிதை எழுதுபவரும் மறைக்கிறார். முன்னவர் கடைசி அத்தியாயத்தில் மறைத்ததை எடுத்துக் காட்டியே ஆகவேண்டும். காட்டாவிட்டால் வாசகன் புத்தகத்தை வீசி எறிவான். பின்னவருக்கு அப்படி ஒரு கடமை கிடையாது. ஆகவே சுயசரிதையில் மறைந்து கிடப்பதை வாசகனே கண்டுகொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய கண்பழக்கத்தை மர்ம நாவல்கள் கொடுக்கின்றன என்பது எமது துணிபு. பெரியோர்கள் கோபிக்க வேண்டாம். இதை உதாரணங்களோடு சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில் அகதா கிறிஸ்ரி என்னும் ஆங்கில மாதை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இரண்டு வகையும் ஒருங்கே கிடைக்கின்றன. 1890ஆம் ஆண்டு பிறந்த இவர், முதலாம் உலக யுத்த காலத்தில் தமது ஊர் வைத்தியசாலையில் மருந்து கலக்கும் பகுதியில் வேலை பார்த்தார். எந்த மருந்து எவ்வளவு சென்றால் நஞ்சாகும் என்பதை அங்கேதான் கற்றார். அந்த அறிவை அவர் நாவல்களிற் செலவிட்டாரேயன்றி வேறு வழியிற் செலவிடவில்லை என்பது உலகத்தாரின் அதிர்ஷ்டம். நாம் படித்தவற்றுள் ஒன்று 1926ஆம் ஆண்டு வெளியான ‘றோஜர் அக்றொயிட் கொலை’ என்னும் நாவல். மற்றது அவர் காலமானபின் 1977இல் வெளிவந்த சுயசரிதை.

நாவலின் கதை ஒரு சிறு கிராமத்தில் நடக்கிறது. ஊர் வைத்தியர் கதையைச் சொல்லுகிறார். அடுத்த வீட்டில், துப்பறியும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற எர்க்யூல் புவாறோ என்னும் பெல்ஜியத்தவர் பூசணி வகையொன்றைப் பயிரிட்டுக்கொண்டு பொழுதைக் கழிக்கிறார். பூசணிக்காய் அவருக்குச் சலித்துவிடும் வேளையில் ஊரில் ஒரு கொலை விழுகிறது. வைத்தியருக்கு ஒரு தமக்கை. அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டாமலே ஊரில் எவர் வீட்டில் என்ன சமையல், எவர் எவரோடு பேசினார், எவருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பதையெல்லாம் அறிந்துவைத்திருப்பவர். இப்படி ஒரு அம்மையார் எமது ஒழுங்கைகளிலும் உண்டு. ஆகவே இந்நூலில் எமக்கு மிகவும் சொந்தக்காரராகத் தோன்றியவர் அவரே. ஆசிரியைக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. பின்னாளிற் புகழ்பெற்ற மிஸ் மார்ப்பிள் என்ற கிழவியின் பாத்திரம் இந்தத் தமக்கையை எழுதிய மகிழ்ச்சியிலிருந்து பிறந்திருக்கலாம் என்று சுயசரிதையிற் குறிப்பிடுகிறார்.

கொலை செய்தவர் யார் என்பதை இங்கே சொல்லமாட்டோம். எமது நூல்நிலைய அலுமாரியிலுள்ள பிரதியைப் பல பேர் வரிசையில் நின்று எடுக்க வேண்டும் என்பது எமது ஆசை. இவ்வளவு மட்டும் சொல்லலாம். நூல் வெளிவந்த காலத்தில், ஆசிரியை வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று பலர் குறைகூறினர். மர்ம நாவலுக்கும் அக்காலத்தில் ஓர் இலக்கணம் உருவாகிக்கொண்டிருந்தது. றொனால்ட் நொக்ஸ் என்னும் பாதிரியார் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிபவன் கண்ட தடயம் எதையும் வாசகனுக்குக் காட்டாமல் ஒளிக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அந்த விதிகளின்படி இந்நாவல் நியாயமானதா என்பதே கேள்வி. கிறிஸ்ரி அம்மையாரின் விடை தெளிவானது: கவனமாகப் படிப்பவர்களுக்கு நூலில் எந்தப் பொய்யும் அகப்படாது; இடையில் ஒரு சிறு கால இடைவெளி இரட்டைப் பொருள்படும் ஒரு வசனத்துக்குள் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நாம் கடைசிப் பக்கத்தை முடித்ததும் மீண்டும் முதலிலிருந்து புரட்டிப் பார்த்தோம். அவர் கூற்று உண்மையே. நாம் முதல் முறை விரைந்து தாண்டிப்போன ஒரு வசனம், இரண்டாம் முறை எம்மைப் பார்த்துச் சிரித்தது.

இனி அவருடைய சுயசரிதை. இதை அவர் 1950ஆம் ஆண்டு ஈராக் தேசத்தில் நிம்றூட் என்னும் இடத்தில் எழுதத் தொடங்கினார். அவருடைய இரண்டாவது கணவர் ஒரு தொல்பொருள் ஆராய்ச்சியாளர். பழைய அசீரிய நகரமொன்றை அங்கே தோண்டிக்கொண்டிருந்தார். எழுதி முடித்தது 1965இல், எழுபத்தைந்து வயதில். பதினைந்து ஆண்டுகள் எழுதிய நூல். பிள்ளைப் பருவத்தை அவர் சொல்லும் பகுதிகளை எவ்வளவு படித்தாலும் அலுக்காது. வீட்டுத் தோட்டம், சமையற்காரி, கற்பனைத் தோழிகள் ஆகியவற்றை எண்பது பக்கம் படித்தாலும் எட்டுப் பக்கம் போலத் தோன்றுகிறது.

ஆனால் 1926ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஒரு சங்கதி நடந்தது. அதே ஆண்டில்தான் நாம் மேலே சொன்ன நாவல் வெளிவந்து அவர் பெயர் எங்கும் பரவியிருந்தது. ஏப்ரிலில் தாயார் இறந்தார். ஓகஸ்டில் கணவர், தாம் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னார். டிசெம்பர் 3ஆம் திகதி இரவு அம்மையார் தமது மோட்டார் வண்டியில் வீட்டை விட்டுப் போனார். அடுத்த நாள் வண்டி மட்டும் ஒரு மேட்டுச் சரிவில் ஆளின்றிக் கிடந்தது. பொலிசாரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் காடு மேடெல்லாம் தேடினர். ஆகாய விமானங் கூடப் பறந்தது. பத்திரிகைகளுக்கு நாள்தோறும் தீனி. டிசெம்பர் 14ஆம் திகதி, இங்கிலாந்தின் வடபகுதியில் ஹாரோகேற் என்ற ஊரின் விடுதியொன்றில் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். விடுதிப் பதிவேட்டில் அவர் எழுதியிருந்த பெயர் வேறு. குடும்பப் பெயராக எழுதியிருந்தது கணவர் விரும்பிய அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர். ஒரு மர்ம நாவலாசிரியை தாமே ஒரு மர்மமானார்.

இத்தனை பெரிய சங்கதியைச் சுயசரிதை எப்படிச் சொல்லுகிறது என்று ஆவலோடு பக்கம் பக்கமாகப் போனோம். ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆண்டின் துயரம் இருக்கிறது. தாயாரின் மறைவு இருக்கிறது. கணவர் பிரிந்த விதம் சுருக்கமாக இருக்கிறது. அந்தப் பதினொரு நாள் மட்டும் இல்லை. பலர் இதைப் பெரிய ஏமாற்றமாக எழுதியிருக்கிறார்கள்.

மர்ம நாவல் படித்துப் பழகிய எமது கண்ணோ அவ்வளவில் விடவில்லை. சில பக்கங்கள் பின்னே சென்றோம். தாயார் இறந்தபின் அந்தப் பழைய வீட்டைத் துப்புரவாக்கும் காலத்தில் நடந்த ஒரு சிறு காரியத்தை அம்மையார் சொல்லியிருக்கிறார். ஒரு காசோலையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பேனாவைக் கையில் எடுத்ததும் தமது பெயர் என்ன என்பதே நினைவுக்கு வரவில்லை. கடைசியாகத் தக்கறே எழுதிய பழைய நாவலொன்றில் வரும் ஒரு பெண்ணின் பெயரை எழுதிவிட்டார். இதைச் சாதாரணச் செய்தி போலச் சொல்லிவிட்டு அப்பாற் போகிறார். தம் பெயரை மறந்து வேறு பெயரை எழுதிய ஒருவர், சில மாதங்களின் பின் ஒரு விடுதிப் பதிவேட்டிலும் வேறு பெயரை எழுதினார். நாவலாசிரியையின் பழக்கம் விடவில்லை. தடயத்தை வாசகன் கண்ணுக்கு எதிரே வைத்திருக்கிறார். சொல்ல விரும்பாத அறைக்கு முன்னால் ஒரு திறப்பை மட்டும் வைத்துவிட்டுப் போனார் என்றே எமக்குப் பட்டது. அறைக்குள் போகாமல் நிற்பதே மரியாதை. நாவலில் மறைத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடன் ஆசிரியருக்கு உண்டு. நெஞ்சின் புண்ணைத் திறந்து காட்டும் கடன் எவருக்கும் இல்லை. பதினொரு நாளும் பத்திரிகைக்காரர் அவரை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நினைத்தால், மௌனம் அவருக்கு உரிய சொத்து என்றே சொல்ல வேண்டும்.

தமிழிலும் மர்ம நாவல்களுக்குக் குறைவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளுக்குத் தமிழ் வேட்டி உடுத்திவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ முதலியவற்றில் திகம்பர சாமியார் என்னும் துப்பறிபவரை உலாவ விட்டார். 1950இல் அவர் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. தேவனின் சாம்பு அறிவினால் அல்ல, அதிர்ஷ்டத்தினாலேயே கள்வனைப் பிடிப்பவன். துப்பறியும் சாதியையே கேலி செய்ய வந்தவன். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தேநீர் குடிக்கும் இடங்களில் வாசகனும் எழுந்து போய்ச் சமையலறையிற் கேற்றில் வைத்த காலம் ஒன்று இருந்தது. இவற்றை மீண்டும் படித்தபோது ஒன்று கண்டோம். இக்கதைகளில் மர்மம் முழுவதும் பொருள்களில் இருக்கிறது: மாறுவேடம், சுரங்கவழி, பூட்டிய அறை, காணாமற்போன நகை. கதையைச் சொல்பவர் மீது மட்டும் சந்தேகம் விழுவதே இல்லை. அவர் தெய்வம் போல எல்லாவற்றுக்கும் அப்பால் நிற்கிறார். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ ஒன்று இவ்வழியிலிருந்து சற்றே விலகியது. நடந்தது பேயின் செயலா, விஞ்ஞானத்தின் செயலா என்பதைக் கணேசும் வசந்தும் கூட முடிவாகத் தீர்த்து வைக்கவில்லை. எமக்கு அந்த முடிவில் முழுத் திருப்தி இல்லை. கடன் வாங்கியவர் வட்டியை மட்டும் கொடுத்துவிட்டு முதலை வைத்துக்கொண்டது போன்ற உணர்ச்சி. ஆனால் இதைப் பற்றி நண்பர்களோடு தர்க்கித்த மாலைகள் இனிமையானவை.

இப்பொழுது எமது ஊருக்கு வருவோம். லெனாட் வுல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்தார். சிவில் சேவை உத்தியோகம். வயது இருபத்துநான்கு. கொண்டுவந்த சாமான்களில் வோல்ற்றயர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகள். அவற்றோடு சார்ள்ஸ் என்ற பெயருடைய ஒரு நாய். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதப் பாதை அப்போது முடியவில்லை. அநுராதபுரத்துக்கு அப்பால் தபால் வண்டி என்ற பெயரில் ஓடிய மாட்டு வண்டிலில் வந்து சேர்ந்தார். தொண்ணூறு தொகுதி வோல்ற்றயரும் எங்கள் வெயிலில் காய்ந்திருக்கும். பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமை பார்த்து 1911இல் தாய்நாடு திரும்பியவர், உத்தியோகத்தைத் துறந்தார். 1913இல் தென்னிலங்கைக் காட்டுக் கிராமமொன்றை வைத்து ஒரு நாவல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 1961இல், இலங்கையிற் கழித்த ஏழாண்டுகளைப் பற்றி ‘குறோயிங்’ என்ற சுயசரிதையை வெளியிட்டார். நாம் படித்தது அதை.

1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துச் சலாபத்தை அவர் எழுதியிருக்கும் பகுதி ஒன்றுக்காகவே இந்நூலை வாங்கலாம். வெறும் மணற்கரையில் ஒரு நகரம் முளைக்கிறது; தமிழரும் அராபியரும் சுழியோடுகிறார்கள்; சிப்பிகள் குவிகின்றன, ஏலம் போகின்றன, அழுகி நாறுகின்றன. ஓர் அராபியச் சுழியோடி இறந்து, அவன் உடலைக் கரைக்குக் கொண்டுவரும் காட்சியை நாம் இரண்டு முறை படித்தோம்.

ஆனால் சபையோருக்கு நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது வேறொரு சம்பவம். யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெருந்தெருவில் கடைக்காரர்கள் விறாந்தைகளைத் தெருவுக்குள் நீட்டிக் கட்டியிருந்தார்கள். (இவ்வழக்கம் நூறாண்டு பழையது என்பதை அறிந்து சந்தோஷப்பட்டோம்.) அரசாங்க அதிபரும் வுல்ஃபும் குதிரையில் ஏறி அவற்றைப் பார்வையிடச் சென்றார்கள். வுல்ஃப் தமது சவுக்கை நீட்டி ஒரு விறாந்தையைச் சுட்டிக் காட்டினார். அவ்வேளை குதிரை வண்டியில் அவ்வழியே போன ஒரு தமிழ் வழக்கறிஞர், அந்த வெள்ளைக்கார இளைஞர் தம்மை வேண்டுமென்றே முகத்தில் அடித்தார் என்று கருதினார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்தின் பெயரால் முறைப்பாடு தேசாதிபதி வரை சென்றது. வுல்ஃப் மறுத்தார், மேலதிகாரியும் அவர் பக்கமே நின்றார். காரியம் அவ்வளவில் முடிந்தது.

வேறொருவர் என்றால் சுயசரிதையில் இதை இரண்டு வழியில் ஒன்றைக் கையாண்டு முடித்திருப்பார். எழுதாமலே விட்டிருப்பார், அல்லது, ‘அந்நாளில் என்மீது இப்படியும் ஒரு வீண்பழி’ என்று எழுதிச் சிரித்திருப்பார். எண்பதை எட்டிய வுல்ஃப் அப்படிச் செய்யவில்லை. தாம் அடிக்கவில்லை என்பதை உறுதியாகச் சொல்லுகிறார். சொல்லிவிட்டு, ஒரு நல்ல துப்பறிபவர் கேட்கும் கேள்வியைத் தம்மை நோக்கியே கேட்கிறார்: அடிக்கவில்லை, ஆயினும் அடித்திருப்பேன் என்று இவ்வளவு பேர் ஏன் உடனே நம்பினார்கள்? குதிரையின் மேலிருந்த தமது தோரணையில், அந்த ஆட்சியில், அந்தச் சவுக்கில் அப்படி நம்ப இடங்கொடுக்கும் ஏதோ இருந்திருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொள்ளுகிறார். தாம் ஆளும் சாதியார் என்ற எண்ணத்தில் முதல் விரிசல் விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று என்று நூலைப் படிப்போர்க்குத் தெரிகிறது.

இதைப் படித்தபோது எமக்கு அந்த வழக்கறிஞர்மீது கோபமும் வரவில்லை, வுல்ஃபின் மீது அடங்காத பக்தியும் வரவில்லை. பக்தி வராததற்குக் காரணம் உண்டு. அவர் அந்நாளில் இங்கிலாந்திலிருந்த நண்பர் ஸ்ற்றேச்சிக்கு எழுதிய கடிதங்கள் 1989இல் தொகுப்பாக வெளிவந்திருக்கின்றன. அவற்றில் வரும் இளைஞர் வேறு மனிதர்: சலிப்பும் வெறுப்பும் நிறைந்தவர், எம் ஊரையும் மக்களையும் பற்றி அவர் எழுதும் சொற்கள் இனிமையானவை அல்ல. ஐம்பது ஆண்டு ஆறவைத்து எழுதிய சுயசரிதைக்கும், அன்றிரவே வெயிலும் காய்ச்சலுமாக எழுதிய கடிதத்துக்கும் இடையே உள்ள தூரத்தை வாசகர் அளந்து பார்க்கலாம். அம்பாந்தோட்டையில் அவர் கடமையின் பொருட்டு எழுதிய நாட்குறிப்பும் 1960களின் தொடக்கத்தில் அச்சாகிவிட்டது. ஒரு மனிதர் அதே ஆண்டுகளைப் பற்றி மூன்று வகையாகச் சொன்ன சாட்சியம் எம் கையில் இருக்கிறது. புவாறோ இருந்தால் கைகளைத் தேய்த்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்.

கடைசியாக, நாம் முன்னரே படித்து இவ்வாண்டு மீண்டும் படித்த நூல்: மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வரத் தொடங்கி, 1942இல் ஐயர் காலமானதோடு நின்றுபோனது. நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்கள். கதை ஏறத்தாழ 1899ஆம் ஆண்டு வரையுமே வருகிறது. அதற்குப் பின்னர் அவர் வாழ்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அவர் கையால் எழுதப்படவில்லை. இங்கே மௌனத்துக்குக் காரணம் காலனே; ஆசிரியரை எவரும் குறைகூற முடியாது. வேறு மௌனங்களும் உண்டு. தமது விவாகத்தைச் சுவையோடு விரித்துச் சொல்பவர், அதன்பின் மனைவியாரைப் பற்றிச் சொல்வது மிகவும் சொற்பம். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முகக் குறிப்பு ஒவ்வொன்றையும் நாம் அறிவோம். அந்த அம்மையாரின் குரலைக் கேட்டறியோம். அக்காலத்துப் பெரியோர் பலரும் இப்படித்தான் எழுதினார்கள். எனினும் குரல் கேட்கவில்லை என்பதைக் கவனிக்காமற் போகக்கூடாது.

மர்ம நாவலை விரும்புவோர் இந்நூலைப் படித்தால் தாம் தேடுவது இங்கேயும் இருப்பதைக் காண்பர். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீபை ஐயர் சந்திக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் அசைவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவ்வளவு படித்தவர் அந்நூலைக் கண்டதே இல்லை! அந்தக் கணத்திலிருந்து தொடங்குவது ஒரு துப்பறியும் கதை. உரையாசிரியர் பெயர் சொல்லாமல் எடுத்தாளும் ஒவ்வொரு மேற்கோளும் ஒரு தடயம். அது எந்த நூலில் உள்ளது என்று தேடி மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் ஏட்டுக் கட்டுக்களை அவிழ்க்கிறார். சைவ மடத்திற் பயின்ற அந்தணர், சமண சமயச் செய்திகள் விளங்காதபோது சைனர் வீடுகளுக்கே சென்று கேட்டறிகிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது.

இக்கதையின் நடுவில் எம்மவர் ஒருவர் வருகிறார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும், சூளாமணியை 1889இலும் அச்சேற்றியவர். அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க எண்ணி, ஐயரிடமிருந்த பிரதியைக் கேட்கிறார். கொடுப்பதா, மறுப்பதா என்று ஐயர் பட்ட மனப் போராட்டத்தைப் படிக்கும்போது எமக்கும் மூச்சு அடைத்தது. முடிவில் சிந்தாமணி ஐயர் பதிப்பாகவே வெளிவந்தது என்பது உலகறிந்தது.

இந்த இடத்தை இங்குள்ளவர்கள் இரண்டு விதமாகப் படிப்பதைக் கேட்டிருக்கிறோம். சிலர், எம்மூர்ப் பெரியவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று குமுறுகிறார்கள். சிலர், ஐயர் சொன்னதே வேதவாக்கு, பிள்ளை பிறர் உழைப்பைப் பறிக்கப் பார்த்தார் என்கிறார்கள். இரு கட்சியாரும் ஒரே சாட்சியத்தை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். ஐயர் மரியாதை குறையாமலே எழுதியிருக்கிறார். ஆனால் எழுதியவர் ஐயர். நடந்து ஐம்பது ஆண்டுக்கு மேலான பின், தாம் வென்ற ஒரு காரியத்தைப் பற்றி எழுதியது. தாமோதரம்பிள்ளை 1901ஆம் ஆண்டு முதல் நாளிலேயே காலமாகிவிட்டார். ‘என் சரித்திரம்’ என்று அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அப்படி எழுதியிருந்தால் அந்த மாலை உரையாடல் அதில் எப்படி இருந்திருக்கும் என்று நாம் கற்பித்துச் சொல்வது நியாயமன்று.

எனினும் அவர் முற்றாக மௌனமாகவும் இல்லை. தாம் பதிப்பித்த நூல்களுக்கு எழுதிய நீண்ட பதிப்புரைகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்தோம். அவற்றில் ஒன்றில், பழைய ஏடு கையிலெடுத்தவுடனே ஓரம் உதிர்ந்து, கட்டைத் தளர்த்தினால் ஒடிந்து போவதை அவர் சொல்லும் இடம் இருக்கிறது. இன்னும் சில ஆண்டு தாமதித்தால் இந்நூல்கள் மண்ணாகிவிடும் என்று பதறும் ஒருவரின் குரல் அது. அந்தப் பதற்றத்தைக் கேட்டபின், அவர் ஐயரிடம் பிரதி கேட்டு நின்றதை நாம் வேறு விதமாகப் படித்தோம். பேராசை என்று தோன்றியது, அவசரம் என்று தோன்றிற்று. ஐயரின் மறுப்பும் எமக்கு இப்பொழுது சிறிதாகத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்காகத் தேடி உழைத்த பிள்ளையை எவர்தான் கையளிப்பார்? இருவரும் ஒரே தீயிலிருந்து ஒரே பொருளை இழுத்துக் காப்பாற்ற முயன்றவர்கள். யார் பக்கம் என்று எம்மைக் கேட்டால், இன்னும் விசாரணை முடியவில்லை என்றே சொல்வோம்.

அதன் பொருட்டு ஒரு வேண்டுகோள். தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகள் தனித் தொகுப்பாக வந்திருக்கின்றன. ஆனால் அவர் காலத்தில் அச்சான மூலப் பிரதிகளை, அந்தப் பழுப்புத் தாளும் மைமணமுமாக, பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று அறியோம். உங்களில் எவர் வீட்டுப் பெட்டகத்திலாவது, பாட்டனார் வைத்துப்போன புத்தகங்களோடு புத்தகமாக, கலித்தொகையோ சூளாமணியோ அந்நாளைய பதிப்பாகக் கிடந்தால், தயைசெய்து சங்கத்துக்கு அறிவியுங்கள். கொடுக்க வேண்டாம்; ஐயரைப் போல நீங்களும் மனப் போராட்டம் பட வேண்டியதில்லை. ஒரு மாலை இங்கே கொண்டுவந்து மேசையில் வைத்தாற் போதும். கை கழுவிவிட்டு வந்து பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம்.